அரசு மருத்துவமனையில் பாதுகாப்பாக ரத்தம் கொடுப்பது எப்படி: புறப்படுமுன் கேட்க வேண்டியது முதல் மறுநாள் கவனிக்க வேண்டியது வரை

முதல் முறை ரத்தம் கொடுக்கச் செல்பவரிடம் பேசினால், வலிக்குமா, உடம்பு தளர்ந்துவிடுமா என்று இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். என் ரத்தத்தை ஏற்றிக்கொள்பவருக்கு அதனால் தீங்கு நேருமா என்ற கேள்வி பெரும்பாலும் வருவதில்லை. பதினைந்து ஆண்டுகளாக நான் ரத்தம் கொடுத்து வருகிறேன். தெரிந்த இளைஞர்கள் பலரை எங்கள் பகுதி அரசு மருத்துவமனைக்கு அழைத்தும் சென்றிருக்கிறேன். கொடுப்பவரின் பாதுகாப்பும் பெறுபவரின் பாதுகாப்பும் அந்த ஒரு மணி நேரத்தில் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன என்பதே நான் கண்டது. ஆகவே இந்த வழிகாட்டியில் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். சொல்பவை தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளை மனத்தில் வைத்துச் சொன்னவை. வயது, எடை, இடைவெளி போன்ற அளவுகள் இந்தியா முழுவதற்கும் பொதுவானவை.

புறப்படும் முன்: உங்கள் ஊர் மருத்துவமனையில் ரத்தம் எடுப்பார்களா?

பலருக்குத் தெரியாத செய்தி இது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பெரிய வட்ட மருத்துவமனைகள் சிலவற்றிலும் உரிமம் பெற்ற ரத்த மையம் இருக்கும். நாம் வழக்கமாக ரத்த வங்கி, பிளட் பேங்க் என்று சொல்வது இதைத்தான். 2020ஆம் ஆண்டு விதிகள் திருத்தப்பட்ட பிறகு அரசு ஆவணங்களில் ரத்த மையம் என்று குறிப்பிடுகிறார்கள். கொடையாளரிடமிருந்து ரத்தம் எடுக்கும் அனுமதி இவற்றுக்கு மட்டுமே உண்டு. சிறிய ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் இருப்பது பெரும்பாலும் ரத்த சேமிப்பு மையம். பெரிய மருத்துவமனையில் எடுத்து, பரிசோதித்து அனுப்பும் பைகளைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, பிரசவத்துக்கும் விபத்துக்கும் எடுத்துக் கொடுக்கும் இடம் அது. அங்கே சென்று கையை நீட்டினால் எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது.

எனவே முதல் நாளே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி மூன்று விவரங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அங்கே ரத்த மையம் இருக்கிறதா, கொடையாளர்களை எந்த நேரத்தில் ஏற்கிறார்கள், உங்கள் ரத்த வகை இப்போது தேவைப்படுகிறதா. சேமிப்பு மையம் மட்டும் உள்ள ஊராக இருந்தால், அதற்கு ரத்தம் அனுப்பும் மையம் எது என்றும், அந்த மையம் உங்கள் ஊரில் முகாம் நடத்தும் நாள் எது என்றும் கேளுங்கள். உங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியின் பிரசவத்துக்கு வந்து சேரும் பை அந்த முகாமில் எடுத்ததாகவே இருக்கக்கூடும்.

நீங்கள் கொடுக்கலாமா?

வயது 18 முதல் 65 வரை இருக்கலாம். முதல் முறையாகக் கொடுப்பவர் 60 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. எடை 45 கிலோவாவது இருந்தால் 350 மி.லி. எடுப்பார்கள், 55 கிலோவுக்கு மேல் இருந்தால்தான் 450 மி.லி. எடுக்கலாம். இந்தக் கணக்குக்குக் காரணம் உண்டு. ஒரு முறை எடுக்கும் அளவு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 8 மி.லி.க்குள் நின்றால் உடல் அதைத் தாங்கிக்கொள்ளும். 45 கிலோவுக்கு அது 360 மி.லி. ஆகிறது. ஆகவே 43 கிலோ எடையுள்ள கல்லூரி மாணவி தோழிகளோடு வரிசையில் நின்றுவிட்டு, எடை கேட்கும்போது இரண்டு கிலோவைக் கூட்டிச் சொல்வது ஆபத்தை அவளே வரவழைப்பதாகும்.

ஹீமோகுளோபின் ஆணுக்கும் பெண்ணுக்கும் 12.5 கிராமாவது இருக்க வேண்டும். ஒரு முறை கொடுத்த பின், ஆண்கள் 90 நாட்களும் பெண்கள் 120 நாட்களும் கழித்தே மறுபடி கொடுக்கலாம். மாதவிடாயில் இரும்புச்சத்து தொடர்ந்து வெளியேறுவதால் பெண்களின் உடலுக்கு அதை ஈடுகட்டக் கூடுதல் காலம் தேவைப்படுகிறது; இடைவெளி வேறுபடுவதற்கு அதுவே காரணம். மாதவிடாய் நாட்களிலும், கருவுற்றிருக்கும்போதும், பிரசவம் முடிந்து ஓராண்டு வரையிலும், பால் கொடுக்கும் காலம் முழுவதும் பெண்கள் கொடுக்க வேண்டாம். கருக்கலைப்போ கருச்சிதைவோ நேர்ந்திருந்தால் ஆறு மாதங்கள் பொறுக்க வேண்டும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தாலே கொடுக்கக் கூடாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சர்க்கரைக்கு மாத்திரை மட்டும் எடுத்து, அளவு கட்டுக்குள் இருந்து, கடந்த நான்கு வாரங்களில் மருந்தோ அதன் அளவோ மாறாமல் இருந்தால் கொடுக்கலாம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் கொடுக்கக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரைக்கும் அதே நான்கு வார விதிதான். புற்றுநோய், வலிப்பு நோய், கல்லீரல் அழற்சி நோய்களான ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவை உள்ளவர்கள் எப்போதும் கொடுக்கக் கூடாது.

தற்காலிகமாகத் தள்ளிப்போட வேண்டியவைதான் அதிகம். தெரியாமல் தவறு செய்வதும் இங்கேதான். மலேரியா வந்து முழுக்கக் குணமானவர் மூன்று மாதங்களும், டெங்கு, சிக்குன்குனியா வந்தவர் ஆறு மாதங்களும், டைபாய்டு வந்தவர் ஓராண்டும், காசநோய் குணமானது உறுதியானவர் இரண்டு ஆண்டுகளும் காத்திருக்க வேண்டும். பெரிய அறுவை சிகிச்சைக்கு ஓராண்டு, சிறியதற்கு ஆறு மாதங்கள். தனக்கே ரத்தம் ஏற்றப்பட்டிருந்தால் ஓராண்டு. நாய் கடித்துத் தடுப்பூசி போட்டுக்கொண்டவருக்கும் ஓராண்டு. பச்சை குத்துதல், காது மூக்கு குத்துதல் ஆகியவற்றுக்கும் ஓராண்டு. கோயில் கொடையிலும் பங்குனித் திருவிழாவிலும் நேர்ந்துகொண்டு அலகு குத்தியவர்கள் அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே வேலோ ஊசியோ பலர் உடலில் ஏறியிருக்க வாய்ப்பு உண்டு என்பதே இங்குள்ள அச்சம். நேர்த்திக்கடனைப் பற்றி யாரும் குறை சொல்லப் போவதில்லை.

மஞ்சள் காமாலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் காமாலை என்றால் கீழாநெல்லி கொடுத்து, பத்தியம் இருந்து, கண் வெளுத்ததும் மறந்துவிடுவார்கள். எந்த வைரஸால் வந்தது என்று பரிசோதித்தவர்கள் குறைவு. அழுக்குத் தண்ணீரால் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ, இ வகைகள் என்று உறுதியாகத் தெரிந்தால் ஓராண்டு கழித்துக் கொடுக்கலாம். பி, சி வகைகள் ரத்தத்தில் தங்கிவிடக் கூடியவை. எந்த வகை என்று தெரியாத கல்லீரல் அழற்சி வந்தவரின் ரத்தத்தை ஏற்பதில்லை. பிறந்த சில நாட்களில் வந்து மறையும் காமாலைக்கு இந்தத் தடை கிடையாது. எனவே வீட்டுப் பெரியவர்களிடம் எந்த வயதில் வந்தது, என்ன வைத்தியம் செய்தார்கள் என்று கேட்டுக்கொண்டு செல்லுங்கள்.

முந்தைய இரவும் அன்றைய காலையும்

எனக்கு முதல் முறை நேர்ந்ததைச் சொல்கிறேன். இரவுப் பணி முடித்து, தெரிந்தவரின் தாயாருக்கு அவசரம் என்று அழைப்பு வந்ததும், தேநீர் மட்டும் குடித்துவிட்டு நேராக மருத்துவமனைக்குச் சென்றேன். தூங்கினீர்களா என்று கேட்டபோது ஆம் என்று பொய் சொன்னேன். ரத்தம் எடுத்து முடியும்வரை ஒன்றும் ஆகவில்லை. உடனே எழுந்து மாடிப்படியில் இறங்கும்போது கண் இருட்டி விழுந்தேன். மோவாயில் நான்கு தையல் போட்டார்கள். யாருக்காகச் சென்றேனோ அந்த நோயாளியின் உறவினர்கள் அவரை விட்டுவிட்டு என்னைக் கவனிக்க வேண்டியதாயிற்று. ஆகவே நான் அழைத்துச் செல்லும் எல்லாரிடமும் முதலில் கேட்பது தூக்கத்தையும் சாப்பாட்டையும் பற்றித்தான்.

முந்தைய இரவு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். இரவுப் பணி முடித்தவர் தூங்கி எழுந்த பிறகே வர வேண்டும். மது அருந்தியிருக்கக் கூடாது. வெறும் வயிற்றில் செல்லக் கூடாது. விரதம் இருக்கும் நாளில் கொடுக்கவே கூடாது என்பது விதியாகவே இருக்கிறது. சபரிமலைக்கு மாலை போட்டு ஒருவேளை உணவோடு இருப்பவர்களும், ரமலான் நோன்பு நோற்பவர்களும், தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பவர்களும், சஷ்டி விரதக்காரர்களும் அந்த நாட்கள் முடிந்த பிறகு வரட்டும். இட்லி, பொங்கல், சாதம் என எளிய உணவை இரண்டு மணி நேரத்துக்கு முன் உண்டுவிடுங்கள். பரோட்டா, பிரியாணி போன்ற எண்ணெய் மிகுந்த உணவைத் தவிர்ப்பது நல்லது. ரத்தத்தில் கொழுப்பு கூடி, அதன் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பால் நிறத்தில் கலங்கிவிட்டால் பரிசோதனைக்கு இடைஞ்சல். வரிசையில் காத்திருக்கும்போது, எடுப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில், அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். மயக்கம் வராமல் தடுப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

அடையாள அட்டை, பழைய கொடையாளர் அட்டை இருந்தால் அது, எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் சீட்டு ஆகியவற்றோடு, முழங்கைக்கு மேல் சுருட்டக்கூடிய சட்டை அணிந்து செல்லுங்கள். முதல் முறையானால் தனியாகச் செல்லாதீர்கள். திரும்பும்போது இருசக்கர வண்டியை ஓட்டுவதற்கு ஒருவர் உடன் இருக்கட்டும். பேருந்து, லாரி ஓட்டுபவர்கள், பனை, தென்னை ஏறுபவர்கள், சாரத்தில் நின்று வேலை செய்யும் கொத்தனார்கள், கிணறு வெட்டுபவர்கள் ஆகியோர் அடுத்த பணிக்குக் குறைந்தது 24 மணி நேரம் இடைவெளி இருக்கும்படி விடுப்பு நாளாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

படிவம்: இங்கே அவசரப்படாதீர்கள்

ரத்த மையத்துக்குள் சென்றதும் ஒரு படிவம் தருவார்கள். பெயர், வயது, முகவரி, தொலைபேசி எண், பின்னர் ஆம் அல்லது இல்லை என்று குறிக்க வேண்டிய நீண்ட கேள்வி வரிசை. முகாம்களில் நண்பர் ஒருவரே பத்துப் பேருடைய படிவங்களை வாங்கி, எல்லாக் கேள்விகளுக்கும் இல்லை என்று வரிசையாகக் குறித்துக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள்.

எடுத்த ரத்தம் ஒவ்வொன்றையும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதிப்பது சட்டப்படி கட்டாயம். அப்படியிருக்க நான் உண்மை சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். கிருமி உடலுக்குள் புகுந்த முதல் சில வாரங்களில் எந்தப் பரிசோதனையிலும் அது தெரியாமல் போகக்கூடிய இடைவெளி ஒன்று உண்டு. அந்த நாட்களில் எடுத்த ரத்தம் பரிசோதனையில் சுத்தம் என்று வந்துவிடும். ஏற்றிக்கொள்பவருக்கோ கிருமி போய்ச் சேரும். அந்த இடைவெளியை அடைக்கக்கூடியது உங்கள் உண்மையான விடை ஒன்றுதான். பாதுகாப்பற்ற உடலுறவு, ஊசியால் போதை மருந்து போன்ற கேள்விகள் கூச்சத்தைத் தருபவை. அருகில் நண்பர்கள் நின்றால் தனியாகப் பேச வேண்டும் என்று மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ கேளுங்கள். தனிமையில் பேச இடம் கொடுப்பது அவர்கள் கடமை. நண்பர்களோடு வந்துவிட்டீர்கள், திரும்பிச் செல்லக் கூச்சமாக இருக்கிறது என்றால், இன்று எடுக்க வேண்டாம் என்று ஆலோசகரிடம் மட்டும் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் குறைவு என்றோ அழுத்தம் சரியில்லை என்றோ வெளியே சொல்லிக்கொள்ளலாம், யாரும் துருவ மாட்டார்கள்.

எச்.ஐ.வி. இருக்குமோ என்ற ஐயத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக ரத்தம் கொடுக்க வருபவர்களும் இருக்கிறார்கள். அதற்கு அரசு மருத்துவமனைகளிலேயே நம்பிக்கை மையம் இருக்கிறது. அங்கே பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. 1097 என்ற இலவச எண்ணிலும் பேசலாம்.

2018 டிசம்பரில் சாத்தூரில் கருவுற்றிருந்த பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி. கலந்த ரத்தம் ஏற்றப்பட்ட செய்தியைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அந்த ரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனையில் எடுக்கப்பட்டது. கொடுத்த இளைஞர் உறவினருக்காகக் கொடுத்தவர். 2016இலும் ஒரு முறை கொடுத்திருக்கிறார். அப்போதே பரிசோதனையில் தெரிந்த முடிவு அவர் காதுக்கு வந்து சேரவில்லை. இரண்டாவது முறை கொடுத்த பின், வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தன் நிலையை அறிந்து, மருத்துவமனைக்குத் தானே தகவல் சொன்னார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் உயிரும் போயிற்று. பரிசோதனையில் நேர்ந்த பிழைக்குப் பொறுப்பு அமைப்பைச் சேர்ந்தது. ஆனால் அந்தத் துயரத்தில் கொடையாளர்களாகிய நமக்கு ஒரு வேலை இருக்கிறது. படிவத்தில் எழுதும் தொலைபேசி எண் உங்களுடையதாக, எப்போதும் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். முடிவு சரியில்லை என்றால் தெரிவியுங்கள் என்ற கட்டத்தில் ஒப்புதல் தர வேண்டும். எண் மாறினால் மையத்துக்குச் சொல்ல வேண்டும். அந்த எண்ணைக் கவனமாக எழுதுங்கள்.

எடை, அழுத்தம், ஒரு சொட்டு ரத்தம்

அடுத்து எடை பார்ப்பார்கள். ரத்த அழுத்தம் மேல் அளவு 100 முதல் 140க்குள்ளும் கீழ் அளவு 60 முதல் 90க்குள்ளும், நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100க்குள்ளும் சீராகவும் இருக்க வேண்டும். காய்ச்சல் இருக்கக் கூடாது. பதற்றத்தில் அழுத்தம் கூடியிருந்தால் பத்து நிமிடம் அமர்ந்துவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்து ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். சில இடங்களில் சிறிய கருவி வைத்திருப்பார்கள். மற்ற இடங்களில் நீல நிற மயில்துத்தக் கரைசலில் சொட்டை விடுவார்கள், அடர்த்தி 1.053 இருக்கும்படி அதைக் கலக்கியிருப்பார்கள். சொட்டு விரைந்து அடியில் மூழ்கினால் 12.5 கிராம் இருக்கிறது என்று பொருள். தயங்கி நின்றாலோ மேலே வந்தாலோ போதாது. பழைய முறைதான், ஆனால் நம்பத்தக்கது. முறையை எளிதாக எண்ண வேண்டாம்.

இந்த இடத்தில் திருப்பி அனுப்பப்படுபவர்களில் பெண்கள் அதிகம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. கொடுக்க வந்த பெண்ணிடம் உங்களுக்கே ரத்தம் இல்லையே என்று ஊழியர் சிரித்துச் சொல்வதையும், அவள் முகம் சுருங்கித் திரும்புவதையும் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. திருப்பி அனுப்பப்பட்டால், எத்தனை கிராம் இருந்தது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதே வளாகத்தின் புறநோயாளர் பிரிவில் அந்தச் சீட்டைக் காட்டுங்கள். இரும்புச்சத்து மாத்திரை அங்கேயும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைக்கும். நான்கு மாதங்கள் ஒழுங்காக மாத்திரை எடுத்துவிட்டு மறுபடி வந்து கொடுத்த பெண்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள்.

ஊசி போடும்போது

ரத்தம் கொடுத்தால் நோய் தொற்றுமோ என்ற அச்சம் இன்னும் கிராமங்களில் இருக்கிறது. ரத்தம் எடுக்கும் பையும் குழாயும் ஊசியும் ஒரே துண்டாக, ஆலையிலேயே கிருமி நீக்கி மூடப்பட்டு வருபவை. ஒரு முறை பயன்படுத்திவிட்டால் மறுபடி பயன்படுத்த வழியே இல்லை. ஆகவே கொடுப்பதால் உங்களுக்கு நோய் தொற்றாது. ஊசியின் மூடியை உங்கள் கண்முன் கழற்றுகிறார்களா என்று பார்ப்பது உங்கள் உரிமை. உங்கள் பெயரை நீங்களே சொல்லும்படி கேட்டு, பையில் உள்ள எண்ணும் பரிசோதனைக் குழாய்களில் உள்ள எண்ணும் ஒன்றா என்று சரிபார்க்க வேண்டும். கேட்கவில்லை என்றால் நீங்களாகச் சொல்லுங்கள். மருந்திட்டுத் துடைத்த இடம் உலர்வதற்கு அரை நிமிடமாவது விட வேண்டும். துடைத்த பின் விரலால் ரத்த நாளத்தைத் தொட்டுப் பார்த்தால் மீண்டும் துடைக்கும்படி பணிவாகக் கேளுங்கள். தோலில் இருக்கும் கிருமி பைக்குள் போனால் ஏற்றிக்கொள்பவருக்கு உயிராபத்து ஆகலாம்.

ஊசி சாதாரண ஊசியைவிடத் தடிமனானது. குத்தும் கணத்தில் சுருக்கென்று வலிக்கும், பிறகு அடங்கிவிடும். மென்மையான பந்தை மெல்ல அழுத்தி விடுங்கள். பத்து நிமிடங்களுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். கையில் மின்சாரம் பாய்வதுபோல விரல்வரை வலி ஓடினால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள். ஊசி உணர்வு நரம்பைத் தொட்டிருக்கலாம், எடுத்துவிட வேண்டும். வழக்கத்துக்கு மாறாக ரத்தம் பளிச்சென்ற சிவப்பில் துடித்துத் துடித்து வந்து பை மிக விரைவில் நிறைந்தாலும் சொல்லுங்கள். இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் தமனியில் பட்டிருக்கலாம், வெகுநேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும்.

முதல் முறை கொடுப்பவர்கள், இருபது வயதை ஒட்டியவர்கள், எடை குறைந்தவர்கள் ஆகியோருக்கு மயக்கம் வரும் வாய்ப்பு அதிகம். அது விழுந்த பிறகு தெரிவதல்ல, முன்பே அறிவிக்கும். கொட்டாவி, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, குமட்டல், காது அடைப்பது, உதடு வெளுப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் சொல்லுங்கள். எடுப்பதை நிறுத்தி, தலையைத் தாழ்த்தி, காலை உயர்த்தி வைத்தால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். கால்களைக் குறுக்காகப் போட்டுத் தொடைத் தசைகளை ஐந்து நொடி இறுக்கி, பிறகு தளர்த்தி, மறுபடி இறுக்குவது மயக்கத்தைத் தள்ளி வைக்கும். ஆண்பிள்ளை சொல்லலாமா என்று அடக்கிக்கொண்டிருந்து கீழே விழுந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எழுந்திருப்பது

ஊசியை எடுத்ததும் பஞ்சை வைத்துக் கையை மடக்கிக்கொள்வது நம் வழக்கம். அது தவறு. மடக்கினால் குத்திய துளை அழுந்தாமல் விரிந்து, தோலுக்கடியில் ரத்தம் கசிந்து கன்றிப்போகும். கையை நீட்டிச் சற்று உயர்த்தி, மற்றக் கை விரல்களால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அவசரமாக எழாமல் ஐந்து நிமிடம் படுத்திருங்கள், பிறகு காலைத் தொங்கவிட்டு உட்காருங்கள், பிறகு எழுங்கள். கொடுக்கும் பிஸ்கெட்டையும் பழச்சாற்றையும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளாமல் அங்கேயே அமர்ந்து உண்டு, கால் மணி நேரமாவது இருந்துவிட்டு வெளியே வாருங்கள். தாமதமாக வரும் மயக்கமே ஆபத்தானது. அது கழிப்பறையிலும் மாடிப்படியிலும் கூட்ட நெரிசலான பேருந்தில் நின்றுகொண்டு செல்லும்போதும் வரும். வழியில் தலை சுற்றினால் கூச்சப்படாமல் நின்ற இடத்திலேயே உட்காருங்கள், முடிந்தால் படுங்கள்.

அன்றும் அடுத்து வரும் நாட்களிலும்

குத்திய இடத்தில் போட்ட கட்டை நான்கைந்து மணி நேரம் கழித்து எடுக்கலாம். அந்தக் கையால் ஒரு நாளைக்குத் தண்ணீர்க் குடம், எரிவாயு உருளை, மூட்டை எதையும் தூக்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குப் புகை வேண்டாம், அன்று மது வேண்டாம், வெயிலில் விளையாட்டும் உடற்பயிற்சியும் வேண்டாம். நீர்மோர், இளநீர், கஞ்சி, தண்ணீர் என்று வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குடியுங்கள். இழந்த நீர்ப்பகுதி ஓரிரு நாட்களில் ஈடாகிவிடும். சிவப்பணுக்கள் ஈடாகச் சில வாரங்கள் ஆகும். இரும்புச்சத்துக்குத்தான் அதிகக் காலம் எடுக்கும், 450 மி.லி. ரத்தத்தோடு 200 முதல் 250 மி.கி. வரை இரும்பு வெளியேறுகிறது.

அதை ஈடுகட்ட மாதுளையும் பீட்ரூட்டும் சாப்பிடச் சொல்வார்கள். நிறம் சிவப்பு என்பதால் வந்த நம்பிக்கை அது. அவற்றில் இரும்பு குறைவு. அசைவம் உண்பவர்களுக்கு ஈரலும் சுவரொட்டியும் சிறந்தவை, இறைச்சியின் இரும்பை உடல் எளிதாக ஏற்கும். மற்றவர்களுக்குக் கம்பு, கீரை, கொள்ளு, பயறு வகைகள். அவற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். சாப்பிட்ட உடனே தேநீரும் காபியும் குடிப்பது அதைக் கெடுத்துவிடும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கொடுப்பவர்கள் இரும்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

குத்திய இடம் கன்றி நீலமாகத் தெரிந்தால் முதல் நாள் குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி பத்து நாட்களில் மறையும். வீக்கம் பெருகினாலோ, விரல் மரத்துப்போனாலோ, குத்திய இடம் சிவந்து சூடானாலோ மருத்துவமனைக்குத் திரும்பிச் செல்லுங்கள். இன்னொன்றும் மிக முக்கியமானது. கொடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குள் காய்ச்சல் வந்தால் உடனே ரத்த மையத்தை அழைத்து, உங்கள் பை எண்ணைச் சொல்லுங்கள். கொடுத்த அன்று டெங்குக் கிருமி அறிகுறியில்லாமல் உடலில் இருந்திருக்கலாம். படிவத்தில் மறைத்த ஏதோ ஒன்று மனத்தை உறுத்தினாலும் அழையுங்கள். பை இன்னும் குளிர்பெட்டியில் இருந்தால் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். உங்களை யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

யாருக்காக, எப்போது

உறவினர் படுத்திருக்கும்போது, அவருக்கு ஏற்றும் ரத்தத்துக்கு ஈடாக மாற்று ரத்தம் கொண்டுவாருங்கள் என்ற நெருக்கடியில்தான் நம்மில் பெரும்பாலோர் முதலில் கொடுக்கிறோம். அந்த நெருக்கடியில்தான் பொய்களும் சொல்லப்படுகின்றன. நேற்றிரவு தூங்கவில்லை என்றோ, போன மாதம் டெங்கு வந்தது என்றோ சொல்லித் தாய்மாமனின் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட யாருக்கு மனம் வரும்? ரத்தத்துக்குப் பணம் வாங்குவது இந்தியாவில் தடை செய்யப்பட்டதும் இதே காரணத்தால்தான். 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து 1998 ஜனவரி 1 முதல் தொழில்முறையாக ரத்தம் விற்பது முடிவுக்கு வந்தது. பணத்துக்காக வருபவர் உண்மையை மறைப்பார் என்பது அதற்கு முந்தைய அனுபவம். மருத்துவமனை வாசலில் ஆள் ஏற்பாடு செய்கிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ரத்த மைய மருத்துவரிடம் நேரே சொல்லுங்கள்.

யாரும் கூப்பிடாத நாளில், உடம்பும் மனமும் சரியாக இருக்கும்போது சென்று கொடுப்பதே இரு தரப்புக்கும் பாதுகாப்பானது. சிவப்பணுக்களைக் குளிர்பெட்டியில் 35 நாட்கள் முதல் 42 நாட்கள் வரை வைத்திருக்கலாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 5 நாட்களே தாங்கும். ஜூன் 14, அக்டோபர் 1 ஆகிய ரத்ததான நாட்களிலும் தலைவர்களின் பிறந்தநாள்களிலும் முகாம்கள் குவிந்து பைகள் நிறைகின்றன. கல்லூரிகள் மூடியிருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் குளிர்பெட்டி வெறுமையாகிறது. மழைக்காலத்தில் டெங்கு பரவும்போது தட்டணுக்களின் தேவை கூடுகிறது. நெகட்டிவ் வகையினர் நம் மக்களில் ஏறக்குறைய 5 விழுக்காட்டினரே. அவர்கள் ஏதோ ஒரு முகாமில் கொடுத்துவிடாமல், ரத்த மையத்தில் எண்ணைப் பதிந்துவைத்து, மையத்திலிருந்து அழைக்கும்போது செல்வது பயனுள்ளது.

கொடுத்துவிட்டு வெளியே வரும்போது அட்டையைக் கேட்டு வாங்குங்கள். வீட்டு நாள்காட்டியில், ஆணானால் 90 நாட்களுக்கும் பெண்ணானால் 120 நாட்களுக்கும் அடுத்து வரும் முதல் விடுமுறை நாளைக் கண்டுபிடித்து, பால் கணக்கும் எரிவாயு பதிந்த தேதியும் எழுதும் அதே பேனாவால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள்.